ஓரியின் அம்பும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

மாணவர் ராக்கெட் குழுவில் உந்துவிசைத் தொண்டராகச் சேர விரும்புவோருக்கு ஒரு பாடம்



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, தலை சுற்ற எங்கள் கொல்லிமலைக்கு வந்தவர்கள் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்திருப்பீர்கள். ஆடிப் பெருக்கு சமயத்தில் அவனுக்கு விழா எடுக்கிறோம். அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலி, மான், பன்றி வழியாகப் போய் உடும்பில் நின்றது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். சின்ன வயசில் இதைக் கேட்டபோது, "அந்த அம்புக்கு அவ்வளவு வேகத்தைக் கொடுத்தது எது?" என்று நினைத்திருக்கிறேன். வில்தான். அம்பு வில்லை விட்டுக் கிளம்பியதும் வில்லின் வேலை முடிந்துவிடும். ராக்கெட் அப்படியல்ல. தன் வில்லைத் தானே சுமந்துகொண்டு, போகிற வழியெல்லாம் வளைத்து விட்டுக்கொண்டே போகிற அம்பு அது. அந்த வில்லுக்குப் பெயர்தான் உந்துவிசை அமைப்பு.

போன ஆண்டு, பக்கத்து பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் ராக்கெட் குழுவில் உந்துவிசைப் பிரிவுக்குத் தொண்டராகப் போனேன். சம்பளம் கிடையாது, சாப்பாடும் டீயும் அவர்கள் பொறுப்பு, பஸ் காசு நம் பொறுப்பு. அங்கே கற்றதை நம் ஆண்டு மலரில் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் செய்த ஒரு தப்பும் இதில் வரும். அதை மறைத்தால் பாடம் பாதியாகிவிடும்.

டிப்ளமோவுக்கு அங்கே என்ன வேலை?

முதல் நாள் எனக்கும் இந்தக் கேள்விதான். ராக்கெட் என்றால் பெரிய படிப்பு படித்தவர்கள் சமாச்சாரம், நாம் போய் இரும்புத் துண்டு அறுத்துக் கொடுப்போம் என்ற தாழ்வு மனப்பான்மை. அதைப் போக்க ஒரு பெயர் போதும்: வி. நாராயணன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். இயந்திரவியலில் டிப்ளமோவை முதல் ரேங்கில் முடித்து, ஏ.எம்.ஐ.இ. எழுதி, ஆலைகளில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். முதலில் திட எரிபொருள் பிரிவு. பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார். கனரக ராக்கெட்டின் கிரையோஜெனிக் மேல்நிலையான சி-25 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவராகப் பொறுப்பேற்றார். நாம் படிக்கும் அதே டிப்ளமோ, நண்பர்களே!

இன்னொரு உதாரணம், வெளிநாட்டிலிருந்து. 1936 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் கால்டெக் கல்வி நிறுவனத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்த ஒரு வறண்ட ஓடையில் சில இளைஞர்கள் சின்ன ராக்கெட் எஞ்சின் ஒன்றைச் சோதித்தார்கள். ஃபிராங்க் மலினா பட்ட மேற்படிப்பு மாணவர். கூட இருந்த ஜாக் பார்சன்ஸ், எட் ஃபோர்மன் இருவருக்கும் பட்டமே கிடையாது. அன்றைக்கு எஞ்சின் சரியாக எரியவில்லை. ஆக்சிஜன் குழாய் தீப்பிடித்துப் பாம்பு மாதிரி துள்ளியது. கல்லூரியில் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் "தற்கொலைப் படை". அந்தக் குழுவிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஜே.பி.எல். விண்வெளி ஆய்வகம்.

உந்துவிசை: ஐந்து நிமிடப் பாடம்

ஊதிய பலூனை வாய் கட்டாமல் விட்டால் காற்று பின்னால் போகிறது, பலூன் முன்னால் ஓடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. சிவகாசி ராக்கெட்டும் இப்படித்தான், மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் எஞ்சினும் இப்படித்தான்.

எரிபொருளை வைத்து மூன்று வகை சொல்வார்கள்.

1. திட வகை: எரிபொருளும் ஆக்சிஜன் தரும் பொருளும் ஒன்றாகக் கலந்து இறுகியிருக்கும். பற்றவைத்தால் நடுவில் நிறுத்த முடியாது.

2. திரவ வகை: இரண்டும் தனித்தனித் தொட்டியில். வால்வு, பம்ப், குழாய் என்று வேலை அதிகம். கிரையோஜெனிக் என்றால் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி.

3. கலப்பு வகை: எரிபொருள் ரப்பர் மாதிரி திடமாகவும், ஆக்சிஜன் தரும் பொருள் திரவமாகவோ வாயுவாகவோ இருக்கும். வால்வை மூடினால் எரிவது அடங்கும். அதனால் மாணவர் குழுக்கள் பல இதைத் தேர்ந்தெடுக்கின்றன. 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிபுலத்திலிருந்து பள்ளி மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோள்களோடு ஏறியதும், 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து கிளம்பிய ரூமி-1-ம் கலப்பு வகை ராக்கெட்டுகளே.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல்தான்.

உந்துவிசை = ஒரு விநாடியில் வெளியேறும் நிறை × வெளியேறும் வேகம்.

விநாடிக்கு அரை கிலோ வாயு, விநாடிக்கு 1,800 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5 × 1,800 = 900 நியூட்டன். அதாவது சுமார் 92 கிலோ எடையைத் தாங்கும் விசை. இது 4 விநாடி எரிந்தால் மொத்த உந்தம் 3,600 நியூட்டன்-விநாடி. செலவான எரிபொருள் 2 கிலோ.

எடைதான் எதிரி

இந்த மோட்டாரை 30 கிலோ ராக்கெட்டில் வைத்தால் எவ்வளவு உயரம் போகும்? ராக்கெட் சமன்பாட்டின்படி கிடைக்கும் வேகம் = வெளியேறும் வேகம் × தொடக்க நிறைக்கும் இறுதி நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கை. 30-ஐ 28-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.069. அதை 1,800-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 124 மீட்டர். 4 விநாடியில் புவியீர்ப்பு 39 மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 85. காற்றின் தடையை விட்டுவிட்டால் உச்சி சுமார் 540 மீட்டர். காரவள்ளியில் விட்டால் சோளக்காட்டை எட்டிக்கூடப் பார்க்காது!

அதே மோட்டார், ராக்கெட் எடையை 15 கிலோவாகக் குறைத்துவிட்டோம். அதே கணக்கைப் போட்டால் வேகம் 218. உச்சி சுமார் 2,800 மீட்டர். எடை பாதியானால் உயரம் ஐந்து மடங்கு. காற்றுத் தடையைச் சேர்த்தால் இரண்டுமே குறையும் என்றாலும் பாடம் மாறாது. எங்கள் குழுவில் ஒவ்வொரு போல்ட்டையும் தராசில் வைத்தது கஞ்சத்தனத்தால் இல்லை.

மூடி மேல் மூன்று டன்

எடையைக் குறைக்கிறேன் என்று தகட்டை மெலிசாக்கினால் என்ன ஆகும்? இங்கேதான் நம் வகுப்புப் பாடம் வேலைக்கு வருகிறது. மெல்லிய உருளை என்று பொருட்களின் வலிமைப் பாடத்தில் படிக்கிறோமே, அதேதான்.

எரியறை உள் அழுத்தம் 40 பார், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன். விட்டம் 100 மி.மீ., சுவர் 4 மி.மீ. சுற்றுத் தகைவு = 4 × 100 ÷ (2 × 4) = 50. மைல்டு ஸ்டீலுக்கு இது பெரிய விஷயமில்லை. அலுமினியத்துக்கும் குளிர்ச்சியாக இருக்கும் வரை பெரிதில்லை. சூடேறினால் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் உள்ளே வெப்பக் காப்பு உறை போடுகிறோம்.

ஆனால் முனை மூடியைப் பாருங்கள். அழுத்தம் × பரப்பு = 4 × 7,854 = 31,416 நியூட்டன். மூன்று டன்னுக்கும் மேலே! ராக்கெட்டைத் தூக்கும் விசை 92 கிலோதான். மூடியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை மூன்று டன். 8 போல்ட் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 3,927 நியூட்டன். ஏழு போல்ட் சரியாக முடுக்கி எட்டாவதை மறந்தால்? உந்துவிசைத் தொண்டரின் வேலை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

பற்றவைப்பதற்கு முன் ஹைட்ரோ டெஸ்ட் உண்டு. உள்ளே தண்ணீர் நிரப்பி ஒன்றரை மடங்கு, அதாவது 60 பார் ஏற்றி நிறுத்திப் பார்ப்பது. "காற்று கம்ப்ரஸரே இருக்கே, எதுக்குத் தண்ணி?" என்று திருச்செங்கோட்டு ரிக் பட்டறையில் வேலை பார்த்த என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. காற்று ஸ்பிரிங் மாதிரி சுருங்கிச் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். உடைந்தால் வெடிகுண்டு. தண்ணீர் கிட்டத்தட்டச் சுருங்காது. உடைந்தால் சட்டை நனையும், அவ்வளவே.

அந்த ஒரு சொட்டு

இனி என் கதை. எனக்குக் கொடுத்த வேலை, முனை மூடியை லேத்தில் டர்னிங் செய்து, ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை வெட்டுவது. ஒரு நாள் முழுக்க நின்று செய்தேன். அளவு வெர்னியரில் சரி. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

ஹைட்ரோ டெஸ்ட் நாள். 60 பார் ஏற்றி வால்வை மூடினோம். கேஜைப் பார்ப்பது என் பொறுப்பு. ஐந்து நிமிடத்தில் முள் 60-லிருந்து 52-க்கு இறங்கியது. மூடியின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு நின்றது. வெடிக்கவில்லை, சத்தமில்லை. வெறும் சொட்டு.

கடைசி ஆண்டு அண்ணன் ஒருவர், அந்த மோட்டாருக்காக இரண்டு வருஷம் உழைத்தவர், சொன்னார்: "தம்பி, ஒரு சொட்டுதானே? வால்வு பக்கம் கசிஞ்சிருக்கும். அடுத்த வாரம் ஃபயரிங், அதுக்கப்புறம் போட்டி. எழுதிக்கோ, பாஸ்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டு என் கையில். நான் வெளிக் கல்லூரி, அதிலும் டிப்ளமோ. தொண்டை அடைத்துக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது இரண்டு பயம். ஒன்று, இந்த அண்ணன்களிடம் எப்படிப் பேசுவது என்பது. இன்னொன்று அதைவிட மோசமானது: அந்த மூடி நான் செய்தது. பிரித்துப் பார்த்தால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடுமே! "பாஸ்" என்று எழுதிவிட்டால் இரண்டும் தீர்ந்தது. பேனாவைத் திறந்தேகூட விட்டேன்.

ஆனால் மூன்று டன் கணக்கை முந்தின வாரம்தான் போட்டிருந்தேன். குளிர்ந்த தண்ணீரே நுழைகிற இடத்தில் கொதிக்கும் வாயு நுழைந்தால் அந்தச் சந்தைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு வெளியே வரும். "இல்லைங்ணா, பாஸ் போட மாட்டேன். பிரிச்சுப் பார்க்கலாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

வழிகாட்டி ஆசிரியர் வந்தார். பிரித்தோம். ஓ-ரிங் பள்ளத்தின் அடியில், டூல் அதிர்ந்து விட்ட கோடு, அதன் முனையில் மெல்லிசாக ஒரு பர். அது ஓ-ரிங்கை ஓரத்தில் கீறியிருந்தது. அளவு சரி, மேற்பரப்பு சரியில்லை. நான் வெர்னியர் பிடித்தேன், விரல் நகத்தால் தடவிப் பார்க்கவில்லை. "சார், இது நான் செஞ்சது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "புதுசா இன்னொண்ணு செய்" என்று மட்டும் சொன்னார்.

புது மூடி, மறுபடி டெஸ்ட் என்று மூன்று வாரம் ஓடியது. அந்த ஆண்டுப் போட்டி போயே போச்சு. அந்த அண்ணன் என்னோடு பேசவில்லை. கடைசி வருஷக்காரருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கும் தெரியும். பிறகு நடந்த ஃபயரிங்குக்கு, படிப்பு முடித்துவிட்டபோதும் பஸ் பிடித்து வந்தார். மணல் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து செக்லிஸ்ட்டை அவரே வாசித்தார். மோட்டார் 4 விநாடி எரிந்தது. கணக்கில் வந்ததைவிட விசை கொஞ்சம் குறைவு. மூடி அசையவில்லை. டீ குடிக்கும்போது, "பள்ளத்தை நகத்தால தடவிப் பார்த்தியா?" என்று கேட்டார். "மூணு தடவைங்ணா" என்றேன்.

பெரிய இடங்களிலும் இதே சொட்டு

இது கற்றுக்குட்டிகளின் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். 1979 ஆகஸ்ட் 10 அன்று அப்துல் கலாம் தலைமையில் கிளம்பிய முதல் எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. காரணம், ஒரு வால்வில் சிக்கிய தூசி. அதனால் இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டுக்கான நைட்ரிக் அமிலம் கசிந்துவிட்டது. அதே குழு பிழையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் விறைத்துப்போன ஓ-ரிங் சூடான வாயுவை அடைக்கவில்லை. முந்தின இரவே பொறியாளர்கள் "வேண்டாம்" என்றார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. ஓ-ரிங் என்பது எவ்வளவு சின்னப் பொருள், அதற்கு எவ்வளவு பெரிய விலை!

2007 ஜூலை 26. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கலப்பு வகை ராக்கெட்டுக்கான நைட்ரஸ் ஆக்சைடு ஓட்டச் சோதனை. தீயே மூட்டவில்லை. ஆனாலும் வெடித்து மூன்று பேர் மாண்டார்கள். "இன்னிக்கு ஃபயரிங் இல்லையே, பக்கத்துல நின்னு பார்ப்போம்" என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மலையும் வெயிலும்

நைட்ரஸ் ஆக்சைடு பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் அதன் அழுத்தம் சுமார் 50 பார். 30 டிகிரியில் 60-ஐத் தாண்டும். 36.4 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே இருக்காது. சித்திரை வெயிலில் நாமக்கல்லில் நிழலிலேயே அந்தச் சூடு உண்டு! கொல்லிமலைக் குளிரில் ஒரு விசையும், கீழே வெயிலில் இன்னொரு விசையும் தரும் பொருள் அது. ஆகவே சோதனை நாளன்று விடியற்காலையில் முதல் வேலை, சிலிண்டரின் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் நோட்டில் குறிப்பதுதான். அண்ணாந்து ராக்கெட்டைப் பார்ப்பதெல்லாம் பிறகு.

"அப்படின்னா உங்க மலை மேலிருந்தே விடலாமே, உயரமும் லாபம்தானே?" என்று விடுதியில் கேட்காதவர் இல்லை. உயரமும் காற்று அடர்த்திக் குறைவும் கொஞ்சம் உதவும் என்பது நிஜமே. ஆனால் ராக்கெட் எங்கே விழும் என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் மலையில் காடு, மிளகுக் கொடி, பலா மரம், சிதறிக் கிடக்கும் ஊர்கள். கோடையில் ஒரு பொறி போதும், காடு பற்றிக்கொள்ளும். அதனால்தான் பட்டிபுலமும் திருவிடந்தையும் கடற்கரையில் இருக்கின்றன. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரப்பட்டினமும் அப்படியே. என் மலையை நான் நேசிப்பதால் அங்கே விட மாட்டேன்.

சேர விரும்புவோர் கவனத்திற்கு

1. இயந்திரவியல்: லேத், வெல்டிங், ஹைட்ரோ டெஸ்ட், சோதனை மேடை.

2. மின்னணுவியல்: லோட் செல், அழுத்த உணரி, தூரத்திலிருந்து பற்றவைக்கும் சுற்று. "தற்செயலாகப் பற்றாமல்" இருப்பதே இதில் பாதி வேலை.

3. சிவில்: மணல் மூட்டைத் தடுப்பு, மேடையின் அஸ்திவாரம். 900 நியூட்டன் பக்கவாட்டில் தள்ளும்போது மேடை நகரக்கூடாது.

4. கணினி: விசை-நேர வரைபடம் வரைந்து மொத்த உந்தத்தைக் கணக்கிடுவது.

விடுதி மாடியில், சமையலறையில், தனியாக வெடிமருந்து கலக்கும் வேலையை யாரும் செய்ய வேண்டாம். 1884-ன் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக உங்களுக்குப் பத்து விரல் இருக்கிறது. ஆசிரியர் வழிகாட்டுதல், கல்லூரி அனுமதி, உரிய அரசு அனுமதி மூன்றும் இல்லாத குழுவில் சேராதீர்கள். இன்-ஸ்பேஸ் அமைப்பு மாணவர்களுக்கு மாதிரி ராக்கெட் போட்டி நடத்துகிறது. அதன் விதிமுறைகளை வாங்கிப் படியுங்கள்.

2019 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் டிராவலர்-4 ராக்கெட், 100 கிலோமீட்டர் என்ற விண்வெளி எல்லையைத் தாண்டியது. முழுக்க மாணவர்களே செய்த ராக்கெட்டுகளில் அதுவே முதல். அதற்கு முன் அவர்களுடையவை வெடித்தும் விழுந்தும் இருக்கின்றன. 2024 மே 30 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் வேர்விட்ட அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. நமக்கும் வாசல் திறந்துதான் இருக்கிறது.

உள்ளே போகும்போது வெர்னியர், ஸ்பேனர், கால்குலேட்டர் எல்லாம் எடுத்துப் போங்கள். கூடவே "நிறுத்துங்க, பிரிச்சுப் பார்க்கலாம்" என்று சொல்லும் தைரியத்தையும் எடுத்துப் போங்கள். அந்தப் பிழை உங்கள் கையால் வந்ததாக இருந்தால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

வாருங்கள் தோழர்களே, ஓரியின் அம்பை நாமும் விட்டுப் பார்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கொல்லிமலை